எங்கள் அக்கா இரண்டு முறை எடுத்த கணக்கு

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து, பந்தி தொடங்குவதற்குள் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவிடம் படித்த மாணவ மாணவியருக்கும், எங்கள் மில் லைன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தம்பியின் வணக்கம்.

இப்படிப்பட்ட மலர்களில் என்ன எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பீரோவில் பத்துப் பன்னிரண்டு கிடக்கின்றன. எல்லாவற்றிலும் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த நல்லவர்கள். யாருக்கும் கோபம் வந்ததில்லை, யாரும் தப்புச் செய்ததில்லை, சிரித்த முகத்தோடு வாழ்ந்து சிரித்த முகத்தோடு போயிருக்கிறார்கள். அக்காவைப் பற்றி அப்படி எழுதிக் கொடுத்தால், அக்காவே சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு, "திரும்ப எழுதிக் கொண்டு வா" என்று அனுப்பியிருப்பார். அதனால் உள்ளதை எழுதுகிறேன். ஓராண்டு ஆகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

அக்கா பிறந்தது ராஜபாளையத்தில், நூல் மில்லின் லைன் வீட்டில். எங்கள் அப்பா அந்த மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவர். அம்மாவுக்கு வத்திராயிருப்பு. கல்யாணமாகி வந்த பிறகு அம்மா, பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் வேலைக்குப் போனார். லைன் என்றால் எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள். ஒரு வீட்டுக்கு ஒரு அறை, ஒரு அடுப்படி, அடுப்படிக்குப் பின்னால் ஒரு கதவு. கதவைத் திறந்தால் ஓடை. கோடியில் குழாயடி. மில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் படுத்த ஜனங்கள் நாங்கள்.

மில் நிர்வாகத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. தொழிலாளி, அவர் மனைவி, பிள்ளைகள் மட்டுமே லைன் வீட்டில் இருக்கலாம். தம்பி, மச்சினன், ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் என்று யாரும் தங்கக் கூடாது. ஆனால் தங்காத வீடு ஒன்று கூடக் கிடையாது. எங்கள் வீட்டில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா இருந்தார். மாதத்தில் ஒருநாள் மில் ஆபீஸ் கிளார்க் நோட்டும் கையுமாக ஆள் எண்ணிப் பார்க்க வருவார். அவர் தலை தெரிந்ததும் குழாயடியில் யாராவது குடத்தை நங்கென்று தரையில் வைப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு மாமா சாப்பிட்ட கையோடு பின்கதவு வழியாக ஓடைக்குள் இறங்கிவிடுவார். கிளார்க் கேட்டால் நாலு பேர் என்று சொல்ல எனக்கும் அக்காவுக்கும் நன்றாகப் பழக்கியிருந்தார்கள். அக்கா சொல்லும்போது நான்கு விரலைக் காட்டிக்கொண்டே சொல்வாராம். லைன் முழுக்க இதே கதைதான். அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. வாசலில் கோலம் போடுவதைப் போல அதுவும் ஒரு வீட்டு வேலை.

அக்காவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும்போது குழாயடியில் பெரிய சண்டை வந்தது. கீழக்கோடி வீட்டுப் பெண்கள் தங்களுக்குத்தான் தூரம் அதிகம் என்றார்கள், மேலக்கோடிக்காரர்கள் இல்லை என்றார்கள். அக்கா ஒவ்வொரு வீட்டு வாசலில் இருந்தும் குழாய் வரை காலடி எண்ணி நடந்து, பரீட்சை அட்டையில் லைனை வரைந்து, எந்த வீட்டுக்கு எத்தனை அடி என்று குறித்துக்கொண்டு வந்து காட்டினார். சண்டை தீரவில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்துகொண்டு அக்காவைத் திட்டியதுதான் மிச்சம். "நகரமைப்புப் படிப்பில் நான் படித்த முதல் பாடம் அது" என்று அக்கா பிற்பாடு வகுப்பில் சொல்வாராம். மாணவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மதுரையில் பொறியியல், சென்னையில் நகரமைப்பு, பிறகு அங்கேயே விரிவுரையாளர், பேராசிரியர் என்று அக்கா போனதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. பட்டங்களையும் விருதுகளையும் சித்தப்பா மகன் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோன பெரியம்மாக்களும் இந்தப் பந்தலில்தான் இருப்பீர்கள். "வேண்டாம்னு சொல்லலை பெரியம்மா, நேரமில்லைன்னுதான் சொல்லுதேன்" என்று அக்கா சொன்னதை நீங்கள் திமிர் என்றீர்கள். அது உண்மையிலேயே நேரமில்லாமைதான்.

அக்கா சென்னையில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது மில்லை மூடினார்கள். ஒருநாள் சங்கு ஊதவில்லை, அவ்வளவுதான். அப்பாவும் அவர் கூட்டாளிகளும் திறந்துவிடுவார்கள் என்று தினமும் மில் கேட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து உட்கார்ந்தே அப்பா போய்ச் சேர்ந்தார். காரியத்துக்கு வந்த அக்கா பத்து நாளும் லைனையே சுற்றிச் சுற்றி வந்தார். ஷிப்டு நேரத்துக்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ் நின்றுபோயிருந்தது. மில் போட்ட மருந்தகம் பூட்டிக் கிடந்தது. பஸ் இல்லாததால் பெண்கள் பேண்டேஜ் கம்பெனிக்கு வெயிலில் நடந்து போனார்கள். மில் மூடியதைப் பற்றி எழுத நூறு பேர் உண்டு, அதை நம்பிப் பிழைத்த தெருவும் டீக்கடையும் பள்ளிக்கூடமும் என்ன ஆனது என்று பார்க்க ஒருவரும் இல்லை என்று அக்கா அன்றைக்குச் சொன்னார். அதுவே அவருடைய வாழ்நாள் வேலை ஆனது. ஆலை மூடிய ஊர் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் போனார். வேலை போனாலும் ஜனங்கள் போவதில்லை, இருக்கிறவர்களை அந்த இடத்திலேயே வைத்துத்தான் ஊரைத் திருத்த வேண்டும் என்பதை முப்பது ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுதினார், பேசினார். கூட்டங்களில் கை தட்டினார்கள். தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

மாணவர்களை ஓர் ஊருக்கு அனுப்பும்போது அக்காவுக்கு ஒரு கறாரான விதி உண்டு. முதல் மூன்று நாட்கள் நோட்டை எடுக்கக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. டீக்கடையில் உட்கார், குழாயடியில் நில், பஸ்ஸில் ஏறி இறங்கு. நான்காம் நாள் அவர்களாகவே நீ யார் என்று கேட்பார்கள், அதற்குப் பிறகு நோட்டைத் திற. இந்த விதியை மீறியவர்களை அக்கா அடுத்த பஸ்ஸில் ஊருக்கு அனுப்பியிருக்கிறார். வாசிக்கிற மாணவர்களில் சிலர் அப்படித் திரும்பிப் போனவர்கள் என்று நினைக்கிறேன்.

அந்த விதியை அக்கா ஒரே ஓர் இடத்தில்தான் கைவிட்டார். எங்கள் லைனில்.

மில் இருந்த நிலத்தை என்ன செய்வது என்று அரசு ஒரு குழு போட்டது. அக்காவை ஆலோசகராக அழைத்தார்கள். லைன்காரர்களை வெளியேற்றாமல், பழைய குடோன் இருந்த பக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்று அக்கா திட்டம் கொடுத்தார். எத்தனை குடும்பம் என்று கணக்கு வேண்டும் என்றார்கள். அக்கா மாணவர்களை அனுப்பினார். மூன்று நாள் விதி என்ன ஆயிற்று என்று நான் போனில் கேட்டேன். "நான் பொறந்த இடத்துக்கு நானே மூணு நாள் உக்காந்து பார்க்கணுமாலே?" என்று சிரித்தார். 

காலையில் பிள்ளைகள் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் அச்சடித்த தாள். அவ்வளவு போதாதா? மில் மூடிப் பல வருஷம் ஆகியும் குழாயடியில் யாரோ ஒரு குடத்தை நங்கென்று வைத்தார்கள். எங்கள் வீட்டில் அப்போது நாங்கள் ஒன்பது பேர். அம்மா, நான், என் மனைவி, எங்கள் இரண்டு பிள்ளைகள், இறந்துபோன மாமாவின் மகன், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். மாமா மகனை நான் மச்சான் என்பேன். மச்சான் தறி வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பின்கதவு வழியாக ஓடைப் பக்கம் போய்விட்டார்.

"வீட்டுல எத்தனை பேரும்மா இருக்கீங்க? எத்தனை குடும்பம்?"

"ஒரே குடும்பந்தான் தம்பி. நானு, எம் மவன், மருமவ, ரெண்டு பிள்ளைக. அம்புட்டுத்தான்."

நான் காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"ஏம்மா, அவிய அக்கா அனுப்புன பிள்ளைகதானே?"

"யாரு அனுப்புனா என்னலே? நோட்டு நோட்டுதான். எழுதுனது எங்க போயி நிக்கும்னு யாரு கண்டா?"

நான் சிரித்தேன். அதோடு மறந்தும் போனேன். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போய் அங்கே இருந்தவர்களிடம் இதைச் சொல்லிச் சிரித்ததும் உண்டு. லைன் முழுக்க அன்றைக்கு இதுதான் நடந்தது. இரண்டு குடும்பம், மூன்று குடும்பம் இருந்த வீடுகள் எல்லாம் தாளில் ஒரு குடும்பம் ஆயின. உறவுக்காரர் பேரில் குடியிருந்தவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அவை காலி வீடு என்று பதிவாயின.

அக்கா கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுத் தாளை அவர் தொடவே இல்லை. சொந்த வீட்டுத் தாளைத் தான் பார்ப்பது முறையில்லை என்று வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். மற்ற வீட்டுத் தாள்கள் எல்லாம் சென்னையில் எண்களாக மாறித்தான் அவர் மேசைக்கு வந்தன. நேர்மையாக இருக்கிறவர்கள் எப்படியெல்லாம் ஏமாறுகிறார்கள் பாருங்கள்.

அறிக்கை போனது. குழு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. முப்பது ஆண்டுகளில் அக்கா எழுதியதை ஓர் அரசாங்கம் அப்படியே ஏற்றுக்கொண்டது அந்த ஒருமுறைதான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. லைனுக்கே பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

பட்டியலை வாசிக்க மில்லின் பழைய கேண்டீனில் கூட்டம் போட்டார்கள், அக்காவும் வந்திருந்தார். ஓர் அதிகாரி கதவு எண்ணையும் பேரையும் வாசித்துக்கொண்டே வந்தார். எங்கள் கதவு எண்ணுக்கு அம்மா பேர் மட்டும் வந்தது. மச்சான் எழுந்தார்.

"சார், எங்க குடும்பத்துக்கு?"

"லிஸ்டுல இல்லையேங்க."

"நான் பொறந்ததுல இருந்து அந்த வீட்டுலதான் சார் இருக்கேன்."

"பேராசிரியர் அம்மா எடுத்த கணக்குதாங்க இது. நாங்க ஒண்ணும் எடுக்கலை."

பக்கத்துக்குப் பக்கம் ஆட்கள் எழுந்தார்கள். பட்டியலில் இருந்தவர்களைவிட எழுந்து நின்றவர்கள்தான் கண்ணுக்கு அதிகமாகத் தெரிந்தார்கள். மூன்றாவது வீட்டுப் பெண் ஒருவர், "படிச்ச பிள்ளை எழுதுனா வீடு வரும்னு இருந்தோம், இருக்குற வீடும் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். மச்சான் எங்கள் அம்மாவிடம் வந்தார்.

"அத்தை, நான் எங்க போனேன் அன்னைக்கு? நீயே என்னைய விட்டுட்டியா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நீ அன்னைக்கு வீட்டுல இருந்தியா?"

"இருந்தேன்."

"அம்மா சொன்னதைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"பொறவு எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

நான் என்ன சொல்ல?  பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொல்லவும் அன்றைக்கு எனக்கு நாக்கு வரவில்லை.

அக்கா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூட்டத்துக்கு நடுவே நின்று, "தப்பு இவிய மேல இல்லை. நோட்டைக் கண்டா லைன்ல என்ன சொல்லுவாகன்னு எனக்குத் தெரியும். நானே நாலு விரலைக் காட்டுனவதான். தெரிஞ்சும் மூணு நாள் உக்காராம நோட்டை அனுப்புனது நான்" என்றார். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து தொடங்கியதுதான் அக்காவின் கடைசி ஆறேழு வருடங்கள். தன் கணக்கு தவறு என்று கையெழுத்துப் போட்டுக் குழுவுக்கு எழுதினார். உடன் வேலை பார்த்த ஒருவர், "மேடம், இப்ப வரப்போற உங்க புத்தகமே இந்தக் கணக்கு மேலதான் நிக்குது, கொஞ்சம் யோசிங்க" என்று போன் செய்தார். அக்கா யோசிக்கவில்லை, அடுத்த வாரமே பத்திரிகைக்கும் எழுதினார். பல்கலைக்கழக வட்டாரத்தில் அதற்குப் பிறகு அவரைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவது குறைந்துபோனது. தவறைத் தானாகச் சொல்கிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள யாருக்கும் பிடிப்பதில்லை போலும்.

அலுவலகங்களில் பந்தாடினார்கள். அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள் ஓரிடத்தில். மறு கணக்கெடுப்புக்கு உத்தரவு வேண்டும் என்றார்கள் இன்னோரிடத்தில். முதல் கணக்கு தவறு என்று நிரூபித்தால்தான் உத்தரவு, உத்தரவு வந்தால்தான் நிரூபிக்கக் கணக்கெடுப்பு. நானும் கூடப் போன ஒருநாள், ஓர் அதிகாரி மிகவும் மரியாதையாகவே சொன்னார்.

"மேடம், நீங்க அந்த லைன்லயே பொறந்தவங்க. உங்க அம்மா இப்பவும் அங்கதான் இருக்காங்க. நீங்களே கணக்கைக் கூட்டிக் கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்களா?"

"முதல்ல எடுத்தப்பவும் நான் அங்கதானே சார் பொறந்திருந்தேன்?" என்றார் அக்கா.

அதிகாரி சிரித்துவிட்டு டீ சொன்னார். அக்கா குடிக்கவில்லை. நான் குடித்தேன். படியிறங்கும்போது, "உனக்கு எப்படிலே எறங்குது?" என்று மட்டும் கேட்டார்.

ஓய்வு பெற்றதும் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கடைக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வந்தார். லைனில் வந்து தங்கச் சொல்லி அம்மா கெஞ்சினார். "கணக்கு எடுக்குறவ அங்க படுத்தா அந்தக் கணக்கு செல்லாதும்மா" என்றார். தினமும் காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் போவார். நோட்டு கிடையாது. வீடு வீடாக உட்காருவார், வெங்காயம் உரித்துக் கொடுப்பார், மாலையில் என் கடைக்கு வந்து வார்னிஷ் வாடைக்கு நடுவே அன்றைக்குக் கேட்டதை எழுதுவார். அக்காவிடம் பேசாமல் இருந்தவர்கள் நிறைய. மச்சான் ஒரு வருடத்துக்கு மேல் பேசவில்லை. அக்கா எங்கள் வீட்டு வாசலில் அவர் எதிரேயும் போய் உட்கார்ந்தார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் லைன் பெண்களோடு சேர்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் நாங்கள் திருவண்ணாமலை என்று சொல்லும் பெருமாள் மலைக்கும் படியேறினார். அங்கே அக்காவுக்குப் பெருமாளைவிட வேலைதான் முக்கியம். "படி ஏறும்போது மூச்சு வாங்கும், பொய் சொல்லத் தெம்பு இருக்காது" என்பார்.

ஆனால் ஜனங்களைச் சும்மா சொல்லக் கூடாது. முதல் தடவை ஆளை ஒளித்தவர்கள், இந்தத் தடவை ஆளைப் பெருக்கினார்கள். திருப்பூரில் குடும்பம் நடத்துகிற மகளை இங்கே இருப்பதாகச் சொன்னார் ஒரு பெரியவர்.

"ஏண்ணே, அவ திருப்பூர்ல சமைச்சிட்டு இங்க வந்தா சாப்பிடுதா?"

"எழுதும்மா, ஒரு பேருதானே. முன்னால விட்டதுக்கு இப்பச் சேத்துக்க."

"அன்னைக்குக் கொறச்சுக் கொன்னீக. இன்னைக்குக் கூட்டிக் கொல்லுதீக. இல்லாத ஒரு பேரை எழுதுனா, இருக்குற அம்புட்டுப் பேரையும் பொய்யின்னு தள்ளிருவான்."

அந்தப் பேரைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அக்காவுக்குத் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. இப்படி அடித்த ஒவ்வொரு பேருக்கும் அக்காவுக்கு ஒரு பகை. எனக்குத் தாங்காமல், இவர்களுக்காக எதற்கு இப்படிச் சாக வேண்டும் என்று ஒருநாள் கடையில் கத்திவிட்டேன். அக்கா எழுதுவதை நிறுத்தாமல், "நான் விட்டது, நான்தான் சேர்க்கணும்" என்றார்.

வயிற்றுவலியை அல்சர் என்று சொல்லிக்கொண்டே ஒரு வருடம் ஓட்டினார். மதுரையில் காட்டியபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதற்கும் பஸ்ஸில்தான் வந்தார், போனார். கணக்கை முடித்தார். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, எனக்கும் ஒரு பிரதி கொடுத்து, அலுவலகத்தில் நேரில் ஒப்படைத்தார். கடைசி மூன்று வாரமும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் உள்ளே நுழைந்ததும் கேட்டது ஒரே கேள்விதான். "பதில் வந்துச்சா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்தது. ஒருநாள் வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிடலாம் என்று கூட நினைத்தேன். அக்காவிடம் அது முடியாது. கடிதத்தைக் காட்டு என்பார்.

அக்கா போய் இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கணக்கெடுத்தவர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று அக்கா பேருக்கே வந்தது. நான் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன்.

"எடுத்தவங்களே இல்லைன்னா இந்தக் கணக்குக்கு யாருங்க பொறுப்பு?" என்றார் அங்கிருந்தவர்.

"எடுத்தவங்கதானே சார் இல்லை, கணக்குல இருக்குறவங்க எல்லாம் இருக்காங்களே. வந்து பாருங்க."

"பார்க்கலாம்" என்றார். இதை எழுதுகிற இன்று வரை யாரும் வரவில்லை. பழைய பட்டியல்படி வீடு கட்டச் சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டுவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை.

நினைவு மலர்களில் கடைசியில் "துயரில் ஆழ்ந்திருக்கும் குடும்பத்தினர்" என்று மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் பேரெல்லாம் போடுவது வழக்கம். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று மச்சான்தான் சொன்னார். "லைன்ல இருக்குற எல்லாரும் அவளுக்குக் குடும்பந்தானே. எல்லார் பேரையும் போட்டா என்ன?" நானும் அவரும் அக்காவின் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு மாதம் வீடு வீடாகப் போனோம். யாரும் ஒருவரையும் ஒளிக்கவில்லை. திருப்பூர் மகள் வீட்டுப் பெரியவரே, "அவ இங்க இல்லைப்பா, அதை விட்டுரு" என்றார். பிறந்து பத்து நாளான குழந்தைக்குப் பேர் வைக்கும் முன்பே வைக்கப்போகிற பேரைச் சொன்னார்கள். அந்தக் குழந்தையையும் இடையில் இறந்தவர்களையும் தவிர, அக்காவின் கணக்குக்கும் எங்களுக்குக் கிடைத்ததற்கும் ஒரு பேர் கூட மாறவில்லை. கதவு எண்ணோடு எல்லாப் பேரும் இதை அடுத்த பக்கங்களில் இருக்கின்றன. மலரில் ஒன்றை மனுவோடு சேர்த்து அலுவலகத்துக்கும் கொடுக்கப்போகிறோம். நினைவு மலரெல்லாம் ஆவணம் ஆகாது என்பார்கள். சொல்லட்டும், வாங்கி வைத்துக்கொண்டு சொல்லட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. மதுரையில் அக்காவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கு நன்றி. மூன்று வாரமும் முறை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த லைன் பெண்களுக்கு நன்றி. கோபத்தை விழுங்கிவிட்டு அக்காவுக்குக் கொள்ளி வைக்க என்னோடு வந்து நின்ற மச்சானுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மச்சான், அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் உங்கள் பேர் முதல் பட்டியலிலேயே இருந்திருக்கும். இத்தனை பேர் முன்னால் அச்சில் சொல்கிறேன், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

பேர் எழுதக் கடைசியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு பேராக அம்மாவே சொன்னார். மச்சான் பேரை முதலில் சொன்னார், அவர் மனைவி, அவர் பிள்ளைகள், பிறகு என் மனைவி, என் பிள்ளைகள், நான், கடைசியாகத் தன் பேர். நான் பேனாவை மூடினேன்.

"உங்க அக்கா பேரையும் போடுலே."

"இருக்குறவங்க பேருதாம்மா எழுதணும்."

"இது அவ பொறந்த வீடுலே. கணக்கு முடியட்டும், கணக்கு முடியட்டும்னு சொல்லி ஒரு ராத்திரி இங்கன தலை சாய்க்காமப் போயிட்டா. தாளுலயாச்சும் இருந்துட்டுப் போகட்டுமே."

எழுதினேன். எழுதிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தாளைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அதை வாசல் வரை கொண்டுவந்து, மச்சான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பேரை அடித்தேன். அம்மா, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். வருத்தப்படாதீர்கள். எங்கள் வீட்டில் ஒன்பது பேர் இருக்கிறோம். அக்கா இல்லை.